தாத்தாவின் படிகப் பெட்டி

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி

பால் விற்பவரைக் கண்டிருக்கிறோம். பூ விற்பவரைக் கண்டிருக்கிறோம். நேரத்தை விற்றுப் பிழைத்தவரைக் கேள்விப்பட்டிருக்கிறோமா, தோழியரே? இலண்டன் மாநகரில் ரூத் பெல்வில் என்றொரு அம்மையார் அத்தொழிலைத்தான் செய்தார். ஜான் ஆர்னால்டு என்ற புகழ்பெற்ற கடிகாரக் கலைஞர் செய்த ஒரு கடிகாரம் அவரிடம் இருந்தது. அதற்கு அவர் 'ஆர்னால்டு' என்றே பெயரிட்டு அழைப்பாராம். வாரந்தோறும் கிரீன்விச் வானாய்வகம் சென்று, அங்குள்ள நேரத்தோடு அதை ஒப்பிட்டுக்கொண்டு, பிறகு கடை கடையாக ஏறி இறங்கிக் காட்டுவார். கடைக்காரர்கள் பார்த்துத் தம் கடிகாரங்களைச் சரிசெய்துகொண்டு பணம் கொடுப்பார்கள். 1836-ஆம் ஆண்டு அவருடைய தந்தை தொடங்கிய வேலை அது. தந்தைக்குப் பின் தாய், தாய்க்குப் பின் 1892 முதல் மகள் ரூத் என்று, 1940 வரை நடந்தது. தந்தியும் வானொலியும் வந்த பிறகும் அந்த அம்மையாரின் வாடிக்கையாளர்கள் சிலர் அவரை விடவில்லை என்பதுதான் எங்களுக்கு வியப்பு.

இந்தக் கதையை எங்களுக்குச் சொன்னவர் தாத்தா. கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் ஒரு சின்னக் கடையில் வானொலியும் தொலைக்காட்சியும் பழுது பார்த்தே எங்கள் அம்மாவை வளர்த்தவர். எட்டாம் வகுப்பு படிக்கும் தங்கையும் நானும் பள்ளி விட்டதும் அந்தக் கடையில்தான் வீட்டுப்பாடம் எழுதுவோம். இனி 'நாங்கள்' என்று எழுதும்போதெல்லாம் எங்கள் இருவரையும் சேர்த்தே கொள்க. தங்கை இதைப் படித்துப் பார்த்துச் சில இடங்களில் அடித்துத் திருத்தியும் இருக்கிறாள்.

தாத்தா ஒரு ஹாம். அதாவது, அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமம் பெற்று, தம் சொந்த வானொலிப் பெட்டியிலிருந்து உலகத்தோடு பேசும் பொழுதுபோக்காளர். இந்தியாவில் அவர்களுடைய அழைப்புக்குறிகள் பெரும்பாலும் 'வி.யு.' என்ற எழுத்துகளில் தொடங்கும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, அங்கே போர்ட் பிளேரில் வானொலி முகாம் நடத்திக்கொண்டிருந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணியும் அவர் குழுவினரும் செய்திகளை வெளியுலகத்துக்கு எட்டச் செய்தார்கள் அல்லவா? அவரும் ஒரு ஹாம்தான். தாத்தா அவரைப் பற்றிப் பேசும்போது எழுந்து நின்றுவிடுவார்.

வானொலியில் பேசுகிறவருக்கு முதற்கவலை அதிர்வெண். ஒதுக்கப்பட்ட இடத்தை விட்டு விலகினால் அடுத்தவர் நிலத்தில் மாடு மேய்ந்த கதையாகிவிடும். அந்த அதிர்வெண்ணைக் கட்டிப்போடுவது குவார்ட்ஸ் என்னும் படிகக் கல். 1880-இல் பியேர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் ஓர் உண்மையைக் கண்டார்கள்: சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றுகிறது. அதன் மறுபக்கமாக, மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் துளி நெளிகிறது. ஆகவே ஒரு மெல்லிய சில்லை வெட்டி மின்சுற்றில் வைத்தால் அது தன் கனத்துக்கேற்ற வேகத்தில் துடித்துக்கொண்டே இருக்கும். 1927-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மாரிசனும் ஹார்ட்டனும் இந்தத் துடிப்பை வைத்தே கடிகாரம் செய்துவிட்டார்கள். நம் கைக்கடிகாரத்தில் இருப்பது ஒரு வினாடிக்கு 32,768 முறை துடிக்கும் படிகம். அந்த எண்ணைப் பாதியாக்கி, பாதியைப் பாதியாக்கி, இப்படி 15 முறை செய்து பாருங்கள். சரியாக ஒன்று வரும். எங்கள் இயற்பியல் ஆசிரியையான அருட்சகோதரி இதைக் கரும்பலகையில் செய்து காட்டியபோது வகுப்பே கைதட்டியது.

ஆனால் கைக்கடிகாரத்துப் படிகம் வெயிலில் ஒரு மாதிரி, பனியில் ஒரு மாதிரி. மாதத்துக்குப் பத்துப் பதினைந்து வினாடி பிசகுவது அதற்குச் சாதாரணம். ஆய்வகங்களுக்கு அது போதாது. எனவே நல்ல படிகம் ஒன்றைத் தேர்ந்து, அதை ஒரு சிறு அடுப்புக்குள் வைத்து, எப்போதும் ஒரே சூட்டில் காத்து, அதற்கென்றே ஒரு பெட்டி கட்டினார்கள். அதுதான் குவார்ட்ஸ் அதிர்வெண் தரப்பெட்டி. அடுப்பு என்றதும் விறகையும் புகையையும் நினைக்க வேண்டாம். கைப்பிடிக்குள் அடங்கும் உலோகக் குப்பி, சுற்றிலும் சூடேற்றும் கம்பி, அவ்வளவுதான்.

தாத்தாவிடம் அப்படியொரு பெட்டி இருந்தது. அமெரிக்காவில் ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனம் செய்தது. எங்கோ ஓர் ஆய்வகம் கழித்துப் போட்டதை, 1996-இல் சென்னை ரிச்சி தெருவில் ஒரு பழைய கருவிக் கடையில் பேரம் பேசி வாங்கி, பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம். அன்று மின்சாரம் கொடுத்ததிலிருந்து அதை அவர் அணைத்ததே இல்லை. மின்வெட்டு வந்தாலும் நிற்காதபடி, இரண்டு 12 வோல்ட் பாட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டாக அதன் பின்னால் கொடுத்திருந்தார். ஆயா அதைத் 'தாத்தாவின் மூத்த பிள்ளை' என்பார். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட இரவில் இத்தனை முறை எழுந்ததில்லை என்று குறையும் சொல்வார்.

ஏன் அணைக்கக் கூடாது? இங்கேதான் இந்தப் பொருளின் விந்தை. புதிதாக வெட்டிய படிகம் நாளுக்கு நாள் சிறிது நகர்கிறது. அதைப் பிடித்திருக்கும் உலோகத்தில் இறுக்கம் தளர்கிறது. மேலே ஒட்டிய நுண்ணிய மாசு இடம் மாறுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த நகர்வு குறைந்து, படிகம் அடங்கி ஒடுங்குகிறது. ஆகையால் நெடுங்காலம் சூட்டிலேயே இருந்த பழைய படிகம், பெட்டியைப் பிரிக்காத புதிய படிகத்தைவிட நம்பிக்கைக்குரியது. அணைத்து ஆறவிட்டுத் திரும்பச் சூடாக்கினால், பழைய இடத்துக்கே வருமென்று உறுதியில்லை. வந்தாலும் நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் ஆகும். வேறெந்தப் பொருளைச் சந்தைக்குக் கொண்டு போனாலும் 'எத்தனை வருடம் ஓடியது' என்று கேட்டு விலையைக் குறைப்பார்கள். இதற்கு மட்டும் கூட்டிக் கேட்கலாம்!

இப்படிப்பட்ட பெட்டிகளை வாங்கி விற்கும் பொழுதுபோக்காளர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் பேரத்தைக் கேட்டால் பெண் பார்க்க வந்தவர்கள் போலிருக்கும். தொடர்ந்து சூட்டில் இருந்ததா? அடுப்பு ஏறியதும் மின்னோட்டம் குறைகிறதா? (குறைந்தால் அடுப்பு நலம், குறையாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் நோய்.) திருத்தும் திருகு இன்னும் இருபுறமும் இடம் வைத்திருக்கிறதா, அல்லது வயதாகி ஓர் ஓரத்தில் முட்டிக்கொண்டதா? பழைய பாட்டரி உள்ளே கசிந்து பலகையை அரித்திருக்கிறதா? சோதிக்காத பொருளைச் சோதிக்கவில்லை என்று சொல்லியே விற்க வேண்டும். அதை மறைத்தவரிடம் அடுத்த முறை யாரும் வாங்குவதில்லை.

இந்த ஆண்டு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு வந்தது. கடை இருந்த கட்டடத்தை இடித்துக் கட்டப்போவதாக உரிமையாளர் சொல்லிவிட்டார். தாத்தாவுக்கும் வயது 78. வாடகைப் பாக்கிக்காக அம்மா தம் சங்கிலியை அடகு வைத்திருந்தார். மீட்க வேண்டிய கெடுவும் நெருங்கியது. "எல்லாத்தையும் போட்டுடலாம் பாப்பா, அந்தப் பெட்டி மட்டும் தெரிஞ்ச கைக்குப் போகணும்" என்றார் தாத்தா.

முதலில் வந்தவர் பழைய இரும்புக்காரர். அவர் நல்லவர்தான்; எடைக்கு என்ன விலையோ அதைச் சொன்னார். அடுத்து, நகரத்திலிருந்து ஓர் உதிரிபாக வியாபாரி தொலைபேசியில் பேசினார். 25,000 ரூபாய் தருவதாகவும், ஆனால் பிரித்து, அடுப்பைத் தனியாகவும் பலகைகளைத் தனியாகவும் விற்பதாகவும் ஒளிக்காமல் சொன்னார். மூன்றாமவர் திருச்சியிலுள்ள ஒரு கல்லூரி ஆசிரியர், அவரும் ஹாம். பெட்டியை அணைக்காமல் ஓட விடுவேன், ஆனால் 18,000-க்கு மேல் இயலாது என்றார்.

அம்மா ஒரு தையற்கடையில் வேலை செய்கிறார். "ஏழாயிரம்னா எனக்குப் பாதி மாசச் சம்பளம்ப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். தாத்தா பதில் பேசவில்லை. எங்களுக்கு இருவர் பக்கமும் நியாயம் தெரிந்தது. உதிரிபாக வியாபாரியைக் கொடியவராக எழுதவும் எங்களுக்கு மனமில்லை. பழைய கருவிகளுக்கு உயிர் கொடுப்பவர்கள் பலரும் எங்கோ ஒரு பெட்டி பிரிக்கப்பட்டதால்தான் பாகம் பெறுகிறார்கள். தாத்தாவே அப்படி வாங்கியவர்தாம்.

யாருக்கு விற்றாலும், அது இப்போது எவ்வளவு சரியாக ஓடுகிறது என்பதை அளந்து எழுதிக் கொடுக்காமல் விற்கமாட்டேன் என்றார் தாத்தா. அதில்தான் சிக்கல். ஆறு ஆண்டுகளாக அவருக்குக் காது மந்தம். அளப்பதோ காதால் செய்யும் வேலை!

எப்படி அளப்பது என்று சொல்லிவிடுகிறோம். சில நாடுகள் சிற்றலை வானொலியில் துல்லியமான அதிர்வெண்ணில் நேரக்குறி ஒலிபரப்புகின்றன. முன்பு புதுடில்லி தேசிய இயற்பியல் ஆய்வகமும் ஏ.டி.ஏ. என்ற அழைப்புக்குறியில் ஒலிபரப்பியது. தாத்தா அதை வைத்தே தம் பெட்டியைத் திருத்தி வந்தார். அந்த ஒலிபரப்பு நின்றுவிட்டது. நாட்டின் நேரத்தை அணுக்கடிகாரங்கள் கொண்டு காப்பது மட்டும் இன்றும் அதே ஆய்வகந்தான். இப்போது நமக்கு நன்றாக எட்டுவது சீனாவின் பி.பி.எம். நிலையம். அது 10 மெகாஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு ஒரு கோடி அதிர்வில் வருகிறது. நம் பெட்டியின் 5 மெகாஹெர்ட்ஸை ஒரு டயோடு வைத்து இரட்டிப்பாக்கி வானொலிக்கு அருகே கசியவிட்டால், இரண்டு அலைகளும் கலந்து ஓசை ஏறி இறங்கும். இரண்டும் அச்சாக ஒன்றானால் ஏற்ற இறக்கமே இராது. எத்தனை முறை ஏறி இறங்குகிறதோ அத்தனை அதிர்வு வேறுபாடு.

துருகம் சாலையில் இதைக் கேட்க முடியாது. எல்.ஈ.டி. விளக்கு, கைப்பேசி மின்னூட்டி, பக்கத்துப் பட்டறையின் வெல்டிங் எல்லாம் சேர்ந்து வானொலியில் கொதிக்கும் எண்ணெயாக இரைகின்றன. ஆகவே அரையாண்டு விடுமுறையில் மாமாவின் குட்டியானை வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போனோம். பாட்டரிகளும் உடன் வந்தன. பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது. சாய்த்தால்கூடப் படிகத்தின் மீது புவியீர்ப்பு விழும் பக்கம் மாறி அதிர்வெண் மயிரிழை நகருமாம்! எனவே தங்கையும் நானும் பின்னால் உட்கார்ந்து, நிறைகுடத்தைப் பிடிப்பதுபோல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டோம். கச்சிராயப்பாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வளைவுகளில் மாமா மாட்டுவண்டி வேகத்தில் ஏறினார். பின்னால் வந்த பேருந்துக்காரர் கொடுத்த ஹாரனை நாங்கள் மறக்கமாட்டோம்.

வெள்ளிமலைக்கு அப்பால் மரவள்ளித் தோட்டங்களுக்கு நடுவே தாத்தாவின் பழைய நண்பர் வீடு. பலா மரத்துக்கும் ஓட்டுக் கூரைக்கும் இடையே கம்பி கட்டினோம். இரவு ஒன்பது மணிக்கு வீட்டு மெயினையும் அணைத்துவிட்டு வானொலியைத் திருப்பினால், எத்தனை அமைதி! டிக், டிக் என்று வினாடிகள் தெளிவாக விழுந்தன. மணியாவதற்கு ஒரு நிமிடம் இருக்கையில் டிக் ஒலி மாறி மோர்ஸ் குறி வந்தது; அதன்பின் ஒரு பெண்ணின் குரல் சீன மொழியில் ஏதோ சொன்னது. மொழி தெரியாவிட்டாலும், நிலையத்தின் பெயரைச் சொல்கிறாள் என்று தாத்தா முன்பே சொல்லி வைத்திருந்தார். அவருக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்து, "வந்துட்டாளா?" என்று கேட்டார்.

பெட்டியின் அலையைக் கலந்தோம். ஓசை மெல்ல எழுந்து, மெல்ல அடங்கிற்று. தங்கை விழி மூடிக் கேட்டாள். ஓசை எழும்போது கையை உயர்த்தினாள், அடங்கும்போது தாழ்த்தினாள். தாத்தா டார்ச்சு வெளிச்சத்தில் அவள் கையைப் பார்த்து எண்ணினார். நான் கடிகாரம் பார்த்து நூறு வினாடியானதும் அவர் தோளைத் தொட்டேன். முதல் முறை 17. அடுத்தது 23. அடுத்தது 20. ஏன் மாறுகிறது என்று கேட்டோம். வானொலி அலை மேலே மின்மண்டலத்தில் பட்டுத்தான் நம்மிடம் வருகிறது. அந்த மண்டலம் இரவும் பகலும் ஏறி இறங்குவதால், வரும் வழியே நீண்டும் குறுகியும் அதிர்வெண்ணைச் சிறிது மாற்றிவிடும் என்றார். விடியற்காலையில் எண்ணியபோது எண்கள் இன்னும் தாறுமாறாக வந்தன. அவற்றைத் தாத்தா எழுதிக்கொண்டாலும் கணக்கில் சேர்க்கவில்லை. சூரியன் எழும் நேரத்தில் வானம் நம்பத்தக்க சாட்சியில்லையாம். நடுப்பகலிலும் மறுநாள் இரவிலும் திரும்ப எண்ணினோம். சராசரி 20-க்கே வந்தது.

நூறு வினாடியில் நூறு கோடி அதிர்வு. அதில் 20 வேறுபாடு. அதாவது ஐந்து கோடியில் ஒரு பங்கு. ஓர் ஆண்டில் ஏறத்தாழ 3 கோடியே 15 லட்சம் வினாடிகள் இருக்கின்றன. இந்தப் பெட்டியை வைத்துக் கடிகாரம் ஓட்டினால் ஆண்டுக்கு முக்கால் வினாடிகூடப் பிசகாது! ஆனால் கூடுதலா குறைவா என்பதை ஏற்ற இறக்கம் சொல்லாது. அதற்குத் தாத்தா திருகை அதிர்வெண் கூடும் பக்கம் ஒரு துளி திருப்பினார். தங்கையின் கை வேகமாக ஏறி இறங்கியது. ஆகவே கூடுதல். உடனே திருகைப் பழைய கோட்டுக்கே கொண்டு வந்தார். "சரியாவே வெச்சுடலாமே தாத்தா?" என்று கேட்டோம். "வேணாம். ஆறு வருசமா கை படாம எங்க வந்து நிக்குதுங்கறதுதான் வாங்கறவனுக்கு வேணும். இத அழிச்சா அந்தக் கணக்கும் அழிஞ்சுடும்" என்றார்.

திருச்சி ஆசிரியருக்கு அந்தக் கணக்கை எழுதி அனுப்பினோம். அடுத்த ஞாயிறே நேரில் வந்துவிட்டார். விலை மட்டும் 18,000-இலேயே நின்றது. அப்போது அம்மாதான், "அந்தப் பிஸ்கட் டப்பாவையும் காட்டுங்களேன்" என்றார். அது தாத்தாவின் பழைய படிகங்கள். இரண்டாம் உலகப் போரில் இராணுவ வானொலிகளுக்காக லட்சக்கணக்கில் இவற்றைச் செய்தார்கள். போர் முடிந்தபின் எச்சச் சாமானாகச் சந்தைக்கு வந்து, கைமாறி, எங்கள் கடை வரை வந்தவை அவை. கறுப்பு உறைக்குள் ஒரு சதுரச் சில்லு, இரண்டு கால்கள். இந்திய ஹாம்களின் 40 மீட்டர் அலைவரிசை 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை. அதற்குள் விழும் படிகத்துக்கு விலை உண்டு. வெளியே விழுந்தால் விலை இல்லை. கொஞ்சம் கீழே இருந்தால் பொடி வைத்துத் தேய்த்து மெலிதாக்கலாம். மெலிந்தால் அதிர்வெண் ஏறும். அளவுக்கு மிஞ்சி ஏறிவிட்டால், பென்சிலால் சில்லின் நடுவே லேசாகக் கிறுக்க வேண்டும்; அந்தக் கரியின் பாரத்தால் இறங்கும்! தாத்தா ஒன்றைப் பிரித்து எங்கள் பென்சிலாலேயே செய்து காட்டினார். வந்த ஆசிரியர் 30 படிகங்களைப் பொறுக்கி, ஒன்றுக்கு 150 ரூபாய் வீதம் 4,500 கொடுத்தார். மொத்தம் 22,500.

அம்மா சிறிது நேரம் விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார். "பாட்டரி ரெண்டும் புதுசு சார். அதுக்குத் தனியாத் தரணும்" என்றார். அவர் சிரித்துக்கொண்டே 2,500 எடுத்து வைத்தார். பாட்டரியை விற்றது எங்களுக்கு நட்டமா இலாபமா என்று இன்றும் வீட்டில் ஒரு வழக்கு உண்டு. எப்படியாயினும் சங்கிலி மீண்டது.

பெட்டி அணைக்கப்படாமலே புறப்பட்டது. இப்படி ஓடும் கடிகாரத்தைத் தூக்கிப் போவது புதிதன்று. 1964-இல் அந்த ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனத்தாரே அணுக்கடிகாரங்களை ஓட்டத்திலேயே விமானத்தில் ஏற்றி, அமெரிக்காவிலிருந்து சுவிட்சர்லாந்துக்குக் கொண்டு போய் நேரத்தை ஒப்பிட்டார்கள். நம் பெட்டிக்குக் கிடைத்தது ஒரு பழைய கார். பின் இருக்கையில் போர்வை விரித்து, தலையணை அண்டக் கொடுத்து நிமிர்த்தி வைத்தோம். ஆயா ஓரமாக நின்று, "ஆறாமப் போய்ச் சேரட்டும்" என்றார். தாத்தா காரின் கண்ணாடி வழியாக அந்தச் சிறு விளக்கு எரிகிறதா என்று இரண்டு முறை பார்த்தார்.

மூன்று வாரம் கழித்துத் திருச்சியிலிருந்து செய்தி வந்தது. செயற்கைக்கோள் நேரத்தோடு, அதாவது ஜி.பி.எஸ். வழியாக வரும் அணுக்கடிகார நேரத்தோடு ஒப்பிட்டாராம்: பெட்டி 5 கோடியே 20 லட்சத்தில் ஒரு பங்கு கூடுதலாக ஓடுகிறது. தாத்தா தம் பழைய பேரேட்டை எடுத்து, தங்கையின் கையை எண்ணி எழுதிய வரிக்குக் கீழே அதை எழுதினார். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அந்த எண்ணை அனுப்பச் சொல்லியிருக்கிறார். இதுவரை நான்கு வந்துள்ளன. பேரேட்டில் இன்னும் பதினொரு பக்கம் வெற்றாக இருக்கிறது.